வசந்தமாம், வசந்தம்!

பங்குனி பிறந்தால் போதும், நம்மில் ஒரு பிரிவினருக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடுகிறது. எதையாவது நட வேண்டும்! மொட்டை மாடியில், பால்கனியில், ஜன்னல் கம்பியில், ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டின் புழக்கடையில்... எங்கேயாவது எதையாவது நட்டே ஆக வேண்டும். அந்த நேரம் பார்த்து 'வசந்த காலத் தோட்டம்' என்று ஒரு விளம்பரம் கண்ணில் படும். பை, மண் கலவை, பொம்மை மாதிரி ஒரு மண்வெட்டி, கையுறை, பத்துப் பன்னிரண்டு வகை விதை... எல்லாம் ஒரே பெட்டியில். பெட்டியின் மேல் ஒரு படம். தொப்பி போட்ட ஒரு பெண்மணி, ஒரு சொட்டு வியர்வை இல்லாமல், சிரித்துக்கொண்டே தக்காளி பறித்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பெட்டியை நானும் வாங்கினேன். அதனால்தான் இந்த வாரம் உங்களோடு ஒரு சண்டை. பயப்படாதீர்கள், முதல் அடி எனக்குத்தான்.

எங்கள் ஊர் களமருதூர். உளுந்தூர்பேட்டைப் பக்கம். நான் பிறந்தபோது தென்னார்க்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் ஆனது. 2019-ல் கள்ளக்குறிச்சி ஆனது. ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, விலாசம்தான் நடந்துகொண்டே இருக்கிறது. ஊர்ப் பெயரில் களமும் இருக்கிறது, மருதும் இருக்கிறது. பக்கத்து டவுனின் பெயரில் உளுந்து இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் பிறந்து விவசாயம் தெரியாமல் வளர்வது ரொம்பக் கஷ்டம். அந்தக் கஷ்டமான காரியத்தைச் சாதித்தவன் நான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பங்குனியில், நாலு நாள் லீவு போட்டுக்கொண்டு, பெட்டியும் கையுமாகச் சென்னையிலிருந்து ஊருக்குப் போய் இறங்கினேன். வீட்டுக்குப் பின்னால் சுமார் ஒரு சென்ட் இடம். முள்ளும் கோரையும் மண்டிக் கிடந்தது. பெட்டியிலிருந்த பொம்மை மண்வெட்டி இரண்டாவது கொத்திலேயே கழுத்து முறிந்து காலமானது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் நிஜ மண்வெட்டி ஒன்றை இரவல் வாங்கினேன்.

அந்த நாலு நாளைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. சுகம் என்றால் அப்படி ஒரு சுகம்! முதல் அரை மணியில் மூச்சு வாங்கியது. ஒரு மணியில் உள்ளங்கையில் கொப்புளம். மத்தியானத்துக்குள், எனக்கு இருப்பதே தெரியாத தசைகளெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து 'உள்ளேன் ஐயா' சொல்லின. குனிந்தால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. ஆனால் வெயிலில் வெந்து கிடந்த மண்ணில் தண்ணீர் தெளித்ததும் குப்பென்று ஒரு வாசனை வந்தது பாருங்கள், அதற்கே இன்னும் நாலு நாள் லீவு போடலாம். பெரியம்மா கொடுத்த கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும் எந்த ஓட்டலிலும் கிடைக்காத ருசி. ராத்திரி திண்ணையில் படுத்தது தெரியும், விடிந்தது தெரியும். நடுவில் ஒன்றும் தெரியாது. சென்னையில் அப்படித் தூங்கி எத்தனை வருஷம்!

நாலாம் நாள் தக்காளி, கத்தரி நாற்று நட்டாயிற்று. வெண்டை, முள்ளங்கி, கேரட் விதை போட்டாயிற்று. (களமருதூரில், பங்குனி மாதத்தில், கேரட்! பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டது.) போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். நூற்றுச் சொச்சம் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். 'மண்ணின் மைந்தன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சென்னைக்குப் பஸ் ஏறினேன்.

"செடிக்கெல்லாம் தண்ணி?" என்று போனில் கேட்டாள் மனைவி.

"பெரியம்மா பாத்துக்கும்" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

*

சித்திரைக் கடைசியில் திரும்பப் போனேன். கேரட் ஒன்றுகூட முளைக்கவில்லை. முள்ளங்கி எலிவால் மாதிரி இருந்தது. கத்தரிச் செடி முழுக்க மாவுப் பூச்சி. தக்காளி மட்டும் தளதளவென்று நின்றது; பூவும் பூத்திருந்தது. அத்தனை பூவும் செடிக்குக் கீழே உதிர்ந்து கிடந்தது. ஒரு பிஞ்சு இல்லை. வெண்டை மட்டும் மானத்தைக் காப்பாற்றியது. மொத்த மகசூல் மூணு கிலோ வெண்டைக்காய். பெட்டியின் விலை, பஸ் செலவு, நாற்று, எரு எல்லாம் கூட்டி மூணால் வகுத்துப் பார்த்தேன். கிலோ ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். இந்தக் கணக்கை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று? பெட்டி சொன்னபடி எல்லாம் செய்தேனே! அங்கேதான் கோளாறு. பெட்டி சொன்ன வசந்தம் நம்முடைய வசந்தம் இல்லை.

ஐரோப்பாவில் மூணு நாலு மாதம் தோட்டத்து மண் உறைந்து கிடக்கும். மார்ச், ஏப்ரலில் அது இளகும்போதுதான் மண்வெட்டி உள்ளே இறங்கும். செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1929-ல், ஒரு தோட்டக்காரனின் வருஷத்தை மாதம் மாதமாகக் கிண்டலடித்து ஒரு புத்தகமே எழுதினார். பிராக் நகரத்துத் தோட்டக்காரன் வசந்தத்துக்காக ஏங்கிச் சாவதில் அர்த்தம் உண்டு. அவனுக்குப் பற்றாக்குறை சூடு. நமக்குப் பற்றாக்குறை தண்ணீர். இரண்டு பேருக்கும் ஒரே காலண்டரை மாட்டினால் எப்படி?

நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். பெயரிலேயே வேனில் இருக்கிறது! கோயிலில் வசந்த உற்சவம் எப்படி நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? சாமியை வசந்த மண்டபத்தில், நிழலில், சுற்றிலும் தண்ணீர் இருக்கிற மாதிரி உட்கார வைத்து, சந்தனம் பூசி, விசிறி விட்டு உபசாரம் செய்வார்கள். சாமிக்கே வெயில் ஆகாது என்று நம் ஆட்கள் நினைத்த மாதம் அது. அந்த மாதத்தில்தான் நாம் நாலு இலை விட்ட கத்தரி நாற்றை மொட்டை வெயிலில் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

தக்காளியின் கதையும் இதேதான். பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் சூடு இறங்காமல் இருந்தால் பெரும்பாலான தக்காளி ரகங்களில் மகரந்தம் வேலை செய்யாது. பூ வரும், காய் பிடிக்காது, உதிர்ந்துவிடும். எங்கள் பக்கம் சித்திரையில் வெயில் நாற்பதைத் தொடும். நான் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்தப் பூ காயாகியிருக்காது.

அப்படியானால் கோடையில் ஊரில் யாரும் எதுவும் போடுவதில்லையா? போடுகிறார்கள். கிணறும் மோட்டாரும் இருக்கிறவர்கள் வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, கீரை போடுகிறார்கள். வெயிலைத் தாங்குகிற பயிர், கையில் தண்ணீர், தினம் பார்க்க ஆள். மூன்றும் இருந்தால் சரி. என்னிடம் இருந்தது ஒரு பெட்டி.

உதிர்ந்த பூவை அள்ளிக்கொண்டுபோய்ப் பெரியம்மாவிடம் காட்டினேன்.

"பச்சப் புள்ளயக் கொண்டாந்து வெயில்ல நிக்க வெச்சிட்டு, அது ஏன் அழுவுதுன்னு என்னக் கேட்டா நான் இன்னாடா சொல்லுவேன்?" என்றது. "ஆடி வரட்டும், வா."

*

ஆடி பதினெட்டுக்குப் போனேன். பெரியம்மா அடுப்பங்கரைப் பரண் மேலிருந்து புகை படிந்த ஒரு சுரைக் குடுக்கையை இறக்கியது. உள்ளே சாம்பல். சாம்பலுக்குள் அவரை விதை. அவரை, பரங்கி, பீர்க்கன் மூன்றுக்கும் குழி எடுத்து, எருவும் சாம்பலும் போட்டு ஊன்றினோம். இந்தத் தடவையும் கொப்புளம். இந்தத் தடவையும் இடுப்பு வலி. இந்தத் தடவையும் அதே தூக்கம். ஒன்று மட்டும் வித்தியாசம். சென்னைக்குத் திரும்பியபோது செடியை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. ஆடி, ஆவணியில் சாயங்கால மழை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. நடுவில் காய்ந்த நாட்களுக்கு நானே இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய் நின்றேன். பந்தல் கட்டக் கற்றுக்கொண்டேன். மற்றபடி வானம் பார்த்துக்கொண்டது.

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பியிருப்போம். அதற்குள் இருக்கிற விஷயம் எனக்கு ஐம்பது வயதில்தான் புரிந்தது. பந்தலில் ஏறுகிற நம் நாட்டு அவரைக்கு உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. பகல் குறுகி ராத்திரி நீள ஆரம்பித்த பிறகுதான் அது பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பூத்து, மார்கழி, தையில் காய்த்துத் தள்ளும். அதைச் சித்திரையில் விதைத்தால் என்ன ஆகும்? ஆறேழு மாதம் சும்மா தண்ணீர் குடித்துக்கொண்டு கொடியாக வளரும். அப்போதும் காய்ப்பது என்னவோ தையில்தான். ஆடியில் விதைத்தால் அதே தையில், மழைத் தண்ணீரிலேயே. (வருஷம் முழுக்கக் காய்க்கிற குத்துச்செடி அவரை ரகங்களை ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்கியிருக்கின்றன. அது வேறு செடி, வேறு கணக்கு.)

பொங்கலன்று அவரை, மொச்சை, பரங்கி, பூசணி, சர்க்கரைவள்ளி எல்லாவற்றையும் ஒரே குழம்பில் போடுகிறோமே, அது ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடியில் வீட்டைச் சுற்றி ஊன்றியது தையில் எல்லாமாகச் சேர்ந்து வந்து நிற்கிறது. அதை அப்படியே அள்ளிச் சட்டியில் போட்டிருக்கிறார்கள்.

*

இப்போது பெட்டிக்காரர்களிடம் வருகிறேன்.

மாடித் தோட்டத்துக்கு நான் எதிரி இல்லை. அரசாங்கமே அதற்கு ஊக்கம் கொடுக்கிறது. 2021-ல் ஆறு பை, ஆறு வகை விதை, தென்னை நார்க் கழிவு, உயிர் உரம், வேப்பெண்ணெய் எல்லாம் சேர்த்து, 900 ரூபாய் பெறுமானமுள்ள தொகுப்பை மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். நல்ல காரியம். அதற்கு அதிகாரிகள் வைத்த தமிழ்ப் பெயர்தான் என்னைச் சிரிக்க வைத்தது. 'மாடித் தோட்டத் தளை'! தளை என்றால் தொகுப்பு என்றும் வைத்துக்கொள்ளலாம். விலங்கு என்றும் அர்த்தம் உண்டு. வாங்கி ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது அர்த்தமும் பொருத்தமாகவே பட்டிருக்கும்.

என் சண்டை வேறு ஆட்களோடு. 'வேலையே இல்லாத தோட்டம்' என்று விற்கிறார்களே, அவர்களோடு. களை பிடுங்க வேண்டாம், மண்ணைத் தொட வேண்டாம், நேரம் பார்த்துத் தானாகச் சொட்டும், செல்போனில் சேதி வரும்! உடம்பு முடியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அது வரப்பிரசாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் கையும் காலும் நன்றாக இருந்து, காசு கட்டி ஜிம்முக்குப் போய் நின்ற இடத்திலேயே ஓடுகிற ஆளுக்கு எதற்கு சார் வேலை இல்லாத தோட்டம்? தோட்டத்தில் இருக்கிற சுகத்தில் முக்கால்வாசி அந்த அலுப்புதான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கிலோ ஆயிரம் ரூபாய் வெண்டைக்காய்.

விதை சமாசாரம் இன்னும் மோசம். பெட்டியில் வருகிற பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நிறைய பாக்கெட்டில் 'எஃப்-1' என்று போட்டிருக்கும். ஒட்டு விதை. முதல் தடவை ஒரே மாதிரி, நன்றாகக் காய்க்கும். விஷமொன்றும் கிடையாது, விவசாயிகளும் போடுகிறார்கள். ஆனால் அந்தக் காயிலிருந்து விதை எடுத்து அடுத்த வருஷம் போட்டால் ஒரு செடி தாத்தா மாதிரி, ஒரு செடி பாட்டி மாதிரி, ஒரு செடி யார் மாதிரியும் இல்லாமல் வரும். எனவே திரும்பக் கடைக்குப் போக வேண்டும். வருஷா வருஷம் போக வேண்டும். பெட்டி விற்கிறவருக்கு அதுதானே வேண்டும்?

பெரியம்மாவின் குடுக்கை அப்படி இல்லை. அந்த அவரை அதன் மாமியார் காலத்திலிருந்து வருகிறதாம். நம் நாட்டில் 2001-ல் வந்த பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், திரும்ப விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பிராண்ட் பெயர் போடாமல் விற்கவும் செய்யலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. உலகத்தில் பல நாடுகளில் இவ்வளவு தாராளமான உரிமை கிடையாது. உரிமை இருக்கிறது, குடுக்கை எத்தனை வீட்டில் இருக்கிறது? நூற்றுக்கு மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் 2018-ல் இறந்தபோது தமிழ்நாடே வணங்கியது. சரியான மரியாதைதான். ஆனால் அவரைக்கும் பீர்க்கனுக்கும் சுரைக்கும் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பது பெயர் தெரியாத பெரியம்மாக்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போகும்போது ஒவ்வொரு குடுக்கையாகக் குப்பைக்குப் போகிறது. வீட்டை இடித்துக் கட்டும்போது புழக்கடையில் சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டுகிறோம். 'சுத்தமா இருக்கும் பாருங்க!' சுத்தமாகத்தான் இருக்கும். ஒன்றும் முளைக்காது.

*

சரி, 'பெரியம்மா பாத்துக்கும்' என்ற அந்த இரண்டு வார்த்தைக்கு வருவோம்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். சித்திரை வெயிலில் செடியும் மண்ணுமாக ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டராவது உறிஞ்சி ஆவியாக்கிவிடும். ஆக, என் வசந்தத் தோட்டம் உயிரோடு இருக்க தினம் 200 லிட்டர் வேண்டும். 2019-ல் ஆரம்பித்த ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு என்று வைத்த அளவு 55 லிட்டர். கிட்டத்தட்ட நாலு பேருக்குக் குடிக்க, குளிக்க, சமைக்க வைத்த தண்ணீரை நான் பூ உதிர்க்கிற தக்காளிக்கு ஊற்றினேன்.

நானா ஊற்றினேன்? குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்றால் தினம் பதினாலு குடம். சித்திரையில் நான் திரும்பிப் போனபோது, தெருமுனை அடிபம்பிலிருந்து என் புழக்கடை வரைக்கும் தண்ணீர் சிந்திச் சிந்தி ஈரத்தில் ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. முதலில் எனக்கு அது என்னவென்றே புரியவில்லை. பெரியம்மாவுக்கு எழுபதை ஒட்டி வயது. மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுக்கும்.

"ஏம் பெரீமா, அங்கேருந்தா தூக்கின?"

"பின்ன? நீ பாட்டுக்கு நட்டுட்டுப் பூட்ட. மோட்டாரா வெச்சிக் குடுத்த?"

"வுட்டுருக்கலாம் இல்ல? செத்தாச் சாவட்டும்னு."

"பச்சையா நிக்கிறத எப்பிட்றா சாவ வுடறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதினாலு குடம், குடத்துக்குப் பதினைந்து கிலோ, நாற்பது நாள். பெருக்கிப் பாருங்கள். எட்டு டன்னுக்கு மேல். எழுபது வயது இடுப்பு எட்டு டன் தண்ணீரைச் சுமந்து எனக்கு மூணு கிலோ வெண்டைக்காய் கொடுத்தது. நாலு நாள் வேர்த்த எனக்கு நூற்றுச் சொச்சம் கட்டைவிரல். நாற்பது நாள் சுமந்த பெரியம்மா போட்டோவில்கூட இல்லை.

பருவம் தவறி வைத்த தோட்டம் வானம் செய்ய வேண்டிய வேலையை யாரோ ஒரு மனிதர் தலையில் கட்டுகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான், மற்றதெல்லாம் பீடிகை.

களைப்பிலும் இரண்டு வகை உண்டு. எங்கள் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் கல்வராயன் மலை இருக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் போட்டு வாழ்கிற மலை. நாடு சுதந்திரம் வாங்கிய பிறகும் அங்கே ஜாகீர்தார்கள் ராஜ்ஜியம்தான். ஜாகீர்தார் காட்டில் மலை ஜனங்கள் கூலி இல்லாமல் உழைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் வெட்டி. 1976-ல்தான் அரசாங்கம் அந்த மலையை எடுத்துக்கொண்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷம். தன் வீட்டு வாசலில் அவரை ஊன்றிவிட்டு நிமிரும்போது வருகிற களைப்பு ஒன்று. ஜாகீர்தார் காட்டைக் கொத்திக் கொடுத்துவிட்டு நிமிரும்போது வருகிற களைப்பு ஒன்று. அதே கை, அதே மண்வெட்டிதான். ஆனால் ஒன்றில் தூக்கம் வரும். மற்றதில் வயிறு எரியும்.

நான் ஜாகீர்தார் இல்லைதான். பெரியம்மாவை மிரட்டவும் இல்லை. அன்பு இருக்கிறதே, அது மிரட்டலைவிடச் சுலபமாக வேலை வாங்கும். 'சும்மா ரெண்டு செடிதானே' என்று நாம் வாங்கி வந்து வைத்துவிட்டுப் போகிறோமே, திங்கள் முதல் வெள்ளி வரை உங்கள் வீட்டில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? மனைவியா? மாமியாரா? வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவா? அபார்ட்மென்ட் வாட்ச்மேனா? அவரிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா? அவர் சம்பளத்தில் அது சேர்த்தியா? உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சுகம்; மிச்ச ஆறு நாள் யாருக்கோ வெட்டி. இந்தக் கேள்வியில் கோபம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானும் ஆண்தான், அதனால் தெரியும்.

சென்னைக்காரர்கள் இன்னொன்றும் யோசிக்கலாம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கோடையில் லாரித் தண்ணீரில் வளர்கிற மாடித் தோட்டத்துக்குப் பின்னால், எங்கேயோ ஒரு கிராமத்துக் கிணறு இருக்கிறது. அந்தக் கிராமத்திலும் ஒரு பெரியம்மா குடத்தோடு நிற்கிறார்.

*

உங்கள் ஆட்சேபணைகள் காதில் விழுகின்றன.

'2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதே. ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்ததே. வீட்டிலேயே இருந்தால் நல்லதுதானே?' நல்லதுதான். ஆனால் அந்த ஜூலையில் தக்காளி பறிக்க வேண்டும் என்றால், அதே சித்திரை வெயிலில்தான் பூவைக் காப்பாற்றியிருக்க வேண்டும். விவசாயிக்கே முடியாததால்தானே விலை ஏறியது? பணம் மிச்சமாகும் என்று தோட்டம் போடாதீர்கள். ஆகாது. ஒரு கத்தரிக்காய்க்குப் பின்னால் எவ்வளவு முதுகுவலி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, உழவர் சந்தையில் அஞ்சு ரூபாய்க்குப் பேரம் பேச வாய் வராது. அந்த ஒரு லாபத்துக்காகப் போடலாம்.

'எங்களுக்கு இருப்பது ஆறடி பால்கனி. ஆடி, ஆவணி, மழை எல்லாம் அங்கே எட்டிப் பார்க்காதே?' அப்படியானால் ஒரு கறிவேப்பிலை, ஒரு ஓமவல்லி, ஒரு தொட்டிக் கீரை. காய்கறி கழுவுகிற தண்ணீரே போதும். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

'அப்போ இந்தப் பங்குனி, சித்திரையில் கை பரபரக்கிறதே, அதை என்ன செய்வது?' இதுதான் சரியான கேள்வி. நம் ஆட்கள் அதற்கும் வேலை வைத்திருக்கிறார்கள். கோடை உழவு! சித்திரையில் ஒரு கோடை மழை பெய்ததும் மண்ணைப் புரட்டிப் போட்டு வெயிலில் காய விடுவார்கள். மண்ணுக்குள் ஒளிந்திருக்கிற கூட்டுப்புழு மேலே வரும். வெயிலும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். களையின் வேர் காயும். அடுத்து வருகிற மழை மேலோட்டமாக ஓடாமல் உள்ளே இறங்கும். எருக்குழி எடுக்கலாம். சருகு சேர்க்கலாம். பந்தலுக்குக் கழி வெட்டலாம். அதே கொப்புளம், அதே கூழ், அதே தூக்கம். ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். ஒரு பெரியம்மாவும் வேண்டாம்.

ஆக, நாலே நாலு வேண்டுகோள். வெயிலில் கொத்துங்கள், மழைக்கு முன்னால் விதையுங்கள். நீங்களே தண்ணீர் ஊற்ற முடிகிற அளவுக்கு மட்டும் செடி வையுங்கள். வெளியூர் போனால் செடியை யாரிடமும் 'பார்த்துக்கச் சொல்லாதீர்கள்', கேட்டு, கைம்மாறு பேசி, ஒப்படையுங்கள். காய்த்ததில் நல்லதாக நாலைக் கொடியிலேயே முற்ற விட்டு விதை எடுத்து, இரண்டு பேருக்குக் கொடுங்கள்.

போன பொங்கலுக்கு என் பந்தலில் அவரை கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஆசையாக எல்லாவற்றையும் பறிக்கப் போனேன். பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டது.

"அந்த நாலு கொத்த வுடு. அது உனக்கில்ல."

"பின்ன யாருக்கு?"

"வர்ற ஆடிக்கு."

ஒரு பிடி விதை இப்போது சென்னையில், என் சமையலறை அலமாரியில், சாம்பல் போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. ஆடி பதினெட்டுக்கு முன்னால் வந்து கேட்கிறவர்களுக்கு நாலு நாலு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். மண்வெட்டி மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் வருகிற பொம்மை வேண்டாம்.